எட்டு உறுப்பும் ஒரு மொபெட்டும்

எங்கள் பி.டி. சாருக்கு மைதானம் கிடையாது. பள்ளிக்கே கிடையாது, அவருக்கு மட்டும் எங்கிருந்து வரும்? தண்டையார்பேட்டையில் ஓர் இரும்புக் குடோனுக்கும் கறிக்கடைக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு நின்ற உதவி பெறும் நடுநிலைப்பள்ளி அது. பிள்ளைகள் ஓட வேண்டுமென்றால் தெருவில்தான் ஓட வேண்டும். தெருவில் ஏற்கெனவே கண்டெய்னர் லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆகையால் அவர் வகுப்புக்குள்ளேயே விசில் ஊதி, எழுந்து நில், உட்கார், எழுந்து நில், உட்கார் என்று வருங்கால விளையாட்டு வீரர்களை உருவாக்கிவந்தார். அது வாரத்தில் சில பீரியட்தான். மீதி நேரத்துக்கு அந்த மனிதர் தேடிக்கொண்ட வேலை இருக்கிறதே, அதற்காக அவரைக் கும்பிடுவதா திட்டுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பெரும்பாலும் திட்டத்தான் வாய் வருகிறது.

நான் தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே அறிவியல் டீச்சராகச் சேர்ந்தேன். அந்த வட்டாரத்தில் எங்களையும் சேர்த்து நான்கு பள்ளிகள். நான்கும் ஓட்டாண்டிகள். ஆனால் ஒவ்வொன்றிடமும் ஊர் மெச்சும்படி ஒரே ஒரு பொருள் இருந்தது. ராயபுரம் பள்ளியிடம் உள்ளே பல்பு எரியும் பூகோள உருண்டை. திருவொற்றியூர் பள்ளியிடம் மரத்தில் செய்த கணித வடிவங்கள், கூம்பு, உருளை எல்லாம். எண்ணூர் பள்ளியிடம் தெர்மாகோலில் செய்த அனல்மின் நிலையம். அதில் நிஜ நிலக்கரி கொட்டியிருக்கும், புகைபோக்கிக்குள் ஊதுபத்தி சொருகினால் புகை வரும். அந்த வகுப்பின் ஜன்னலைத் திறந்தால் நிஜப் புகைபோக்கியே தெரியும், ஆனால் அதை யாரும் துணைக்கருவியாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. எங்களிடம் இருந்தது மனித உடல் மாடல். தலையிலிருந்து இடுப்பு வரை, நெஞ்சு மூடியைக் கழற்றினால் உள்ளே எட்டு உறுப்பு. ரோஸ் நிறத்தில் இருந்ததால் பிள்ளைகள் அதை வெள்ளைக்காரன் என்று கூப்பிட்டார்கள்.

ஆய்வுக்கு வரும் அதிகாரியிடம் ஒரு ஜீப் இருந்தது. காலையில் ஒரு பள்ளி, மதியம் ஒரு பள்ளி. ஜீப் ஒன்று, பள்ளி நான்கு என்ற கணக்கைப் புரிந்துகொண்ட முதல் மனிதர் எங்கள் பி.டி. சார். ராயபுரத்தில் அதிகாரி கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்காரும்போதே, பூகோள உருண்டையும் சார்ட்டுகளும் பின்வாசல் வழியாக அவர் மொபெட்டில் ஏறிவிடும். அந்தப் பள்ளி பியூன் பூத்திலிருந்து போன் போடுவார்: "ஜீப் கெளம்பிச்சு." அவ்வளவுதான். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தால் ஜீப் நிற்கும். இவர் நிற்கமாட்டார். மொபெட்டைச் சாய்த்து, கேட்டுக்கு அடியில் நுழைத்து, பூகோளத்தைத் தலைமேல் தூக்கிக்கொண்டு தண்டவாளம் தாண்டிவிடுவார். அதிகாரி நான்கு பள்ளியிலும் அதே உருண்டையைப் பார்த்துவிட்டு, வடசென்னையில் புவியியல் தழைக்கிறது என்று எழுதிவிட்டுப் போவார்.

பி.டி. சாரின் சட்டைப்பையில் எப்போதும் எழுதி வைத்த சீட்டுகள் இருக்கும். அனல்மின் நிலையத்தின் மேல் 'ஆற்றல்' என்று ஒட்டினால் அறிவியல். அதைக் கிழித்துவிட்டு 'நம் தொழிற்சாலைகள்' என்று ஒட்டினால் சமூக அறிவியல். ஒருமுறை கணக்கு டீச்சர் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, புகைபோக்கியின் மேல் 'உருளை' என்று ஒட்டிவிட்டு வந்தார்.

"சீட்ட மாத்துனா சப்ஜெக்ட் மாறிடும் டீச்சர். இதுக்குப் போயி ஏன் பேஜாராவறீங்க?" என்று என்னிடம் சொன்னார். வேலை கச்சிதமாக முடிந்த திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

வெள்ளைக்காரனை மொபெட்டில் ஏற்றுவதுதான் கஷ்டம். பாதித் தோல் உரிந்த உருவத்தைப் பட்டப்பகலில் பின்னால் கட்டிக்கொண்டு போனால் ஊர் சும்மா இருக்குமா? அதனால் அதற்குத் தன் பழைய சட்டையை மாட்டி, கீழே லுங்கியைச் சுற்றிவிடுவார். காசிமேடு பக்கம் ஒருநாள் கான்ஸ்டபிள் ஒருவர் கைகாட்டி நிறுத்தி, பின்னால் இருப்பவன் ஏன் தலையைக்கூடத் திருப்பாமல் விறைப்பாக இருக்கிறான் என்று கேட்டாராம். இவர் சட்டைப் பொத்தானையும் நெஞ்சு மூடியையும் கழற்றிக் காட்டியிருக்கிறார். ஈரலைப் பார்த்ததும் மீன்கூடையோடு நின்ற ஒரு அம்மா போட்ட சத்தத்தில் ரோடே திரும்பியிருக்கிறது. "அந்த ஆளு மெர்சலாயிட்டாரு டீச்சர், கம்முனு போன்னுட்டாரு" என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இல்லை என்ற சொல்லே அவர் வாயில் வராது. எந்தப் பள்ளி, எந்தப் பாடம், என்ன வேண்டும், சொன்னால் போதும். பக்கத்துப் பள்ளி டீச்சர் அழுதுகொண்டே போன் செய்வாள், இவர் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டுக் கிளம்புவார். பெட்ரோல் அவருடையது, முதுகுவலி அவருடையது. இப்படிப்பட்ட நல்ல மனிதரிடம், சேர்ந்த புதிதில், விவரம் தெரியாமல் நான் ஒன்று கேட்டுத்தொலைத்தேன்.

"சார், நாளைக்கு ஆறாம் வகுப்புக்கு அந்த மாடல் வேணும்."

"நாளைக்கா? நாளைக்கு யார் வராங்க?"

"யாரும் வரலை. பாடம் நடத்தணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாடத்துக்கா?"

"ஆமா சார். இதயம் பாடம்."

"பாடத்துக்கு எதுக்கு டீச்சர் மாடலு? அதான் புக்கு கீதே. நாளைக்கு எதுக்கு எடுக்கணும், நாளைக்குதான் யாரும் வரலியே!" என்றார். என்மேல் கோபம் எதுவும் இல்லை அவருக்கு. சின்னப்பிள்ளைக்கு விளக்குவதுபோலப் பொறுமையாகச் சொன்னார். "புள்ளைங்க கை பட்டா தேஞ்சிடும். அப்பால ஆய்வுக்கு இன்னாத்த வெப்பீங்க?"

அந்த மாடலைச் சுற்றி அவர் துறைமுகக் குடோனிலிருந்து வாங்கி வந்த தடித்த பாலித்தீன் இருக்கும். ஒவ்வோர் உறுப்புக்கும் தனிப் பை. சணல் கயிற்றில் முடிச்சு. ஆய்வு நாளிலும் வெளி உறையைத்தான் எடுப்பாரே தவிர, உறுப்புகளின் பையைப் பிரிக்க மாட்டார். எங்கள் பிள்ளைகளுக்கு மனிதனின் உள்ளுறுப்பு என்றால் பாலித்தீன் பையில் வருவது என்றுதான் தெரியும். யாராவது விரலை நீட்டினால் போதும், விசிலை வாயில் வைத்துக்கொண்டே, "கை வைக்காத!" என்பார். அந்த அதட்டலில் நாங்களே இரண்டு அடி பின்னால் போய்விடுவோம்.

போய்யா, உன் வெள்ளைக்காரனும் நீயும் என்று நான் என் வழியைப் பார்த்துக்கொண்டேன். ஆறாம் வகுப்பில் அமுலு என்று ஒரு பெண். அவள் அப்பாவுக்குப் பள்ளிச் சுவரை ஒட்டிய கறிக்கடையில்தான் வேலை. "டீச்சர், எங்கப்பாகிட்ட சொல்லி நெஜ இதயம் எட்த்தாரட்டா?" என்றாள். மறுநாள் வாழை இலையில் சுற்றி ஆட்டு இதயம் வந்தது. பிளேடால் அறுத்தோம். நான்கு அறையையும் விரல் விட்டுப் பார்த்தார்கள். வால்வை இழுத்துப் பார்த்தார்கள். ஒருவன் வாந்தி எடுத்துவிட்டு, வாயைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி பார்த்தான். அதற்கப்புறம் அந்த வகுப்பில் இதயத்தைப் பற்றி யார் எதைக் கேட்டாலும், பிள்ளைகள் தங்கள் விரல்களைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வார்கள்.

இங்கே என் நிலைமையையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு அரசாங்கத்தின் அப்ரூவல் இன்னும் வரவில்லை. ஆய்வில் என் வகுப்பைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று எழுதினால்தான் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் நிர்வாகம் எப்போது வேண்டுமானாலும் வேறு ஆளைப் போட்டுவிடலாம். அப்பா வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள். வீட்டில் சம்பளம் என்று வரக்கூடியது என்னுடையது மட்டும்தான். அந்த ஆண்டு ஆய்வு நாளை நான் எப்படி எதிர்பார்த்திருப்பேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாடக்குறிப்பில் 'இதயம், துணைக்கருவி: மனித உடல் மாடல்' என்று எழுதி, எச்.எம். அம்மாவிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.

அந்த வருஷம் பார்த்து இரண்டு ஜீப் வந்தது.

யாருக்கும் தெரியாது. காலையில் எங்கள் பள்ளி, மதியம் திருவொற்றியூர் என்றுதான் தகவல். பத்து மணிக்கு எங்கள் வாசலில் ஒரு ஜீப் நிற்கிறது. அதே நேரத்தில் திருவொற்றியூரிலிருந்து போன். அங்கேயும் ஒரு ஜீப், அவர்களும் துணைக்கருவிப் பட்டியலில் மனித உடல் என்று எழுதித் தொலைத்திருக்கிறார்கள். அந்த எச்.எம். போனிலேயே அழுகிறாராம். நான் வகுப்பில் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பி.டி. சார் என்ன செய்தார் தெரியுமா? யாரிடமும் கேட்கவில்லை. வெள்ளைக்காரனின் நெஞ்சைத் திறந்தார். எட்டு உறுப்பு, இரண்டு பள்ளி, ஆளுக்கு நாலு. கைக்கு முதலில் வந்ததைக் கூடையில் போட்டுக்கொண்டு, மூடியை அழகாக மூடிவிட்டு, மொபெட்டைக் கிளப்பிவிட்டார்.

அதிகாரி என் வகுப்பில் வந்து உட்கார்ந்தார். நெற்றியில் விபூதி, கையில் பேனா. நான் பேசி, வரைந்து, நல்ல தருணம் பார்த்து, "இதோ பாருங்கள் பிள்ளைகளே" என்று நெஞ்சு மூடியைக் கழற்றினேன். நுரையீரல் இரண்டும் இல்லை. இதயம் இல்லை. ஈரலும் இல்லை. கீழே இரைப்பையும் குடலும் இரண்டு சிறுநீரகமும் பத்திரமாகப் பாலித்தீனில் இருந்தன.

"இதயம் எங்கம்மா?" என்றார் அதிகாரி.

நான் வாயைத் திறப்பதற்குள் அமுலு எழுந்துவிட்டாள். தன் கையை மடக்கி நெஞ்சின் மேல் வைத்து, "இங்க கீது சார், இந்த மாதிரி சைசு" என்று ஆரம்பித்தாள். மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை, கெட்ட ரத்தம் எங்கே வரும், நல்ல ரத்தம் எங்கே போகும், இடது பக்கத்துச் சுவர் ஏன் தடிமன், ஒன்றைக்கூட விடவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் வகுப்பே கையைத் தூக்கியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எப்படிம்மா இவ்வளவு தெரியும்?"

"ஆட்டு இதயத்த நாங்களே அறுத்துப் பாத்தோம் சார். எங்கப்பா கடையிலேர்ந்து எட்த்தாந்தேன்."

அதிகாரியின் பேனா நின்றது. உட்கார்ந்திருந்த பெஞ்சை ஒருமுறை பார்த்தார். கைக்குட்டையை எடுத்து விரல்களைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுதினார். நான் அதைப் பிற்பாடு படித்தேன்: மாணவர் விடைகள் திருப்தி. கற்பித்தல் துணைக்கருவி முழுமையாக இல்லை. இறைச்சி போன்றவற்றை வகுப்பறைக்குள் கொண்டுவருவது தவிர்க்கப்பட வேண்டும். அடுத்த ஆண்டு மறுபடி பார்க்கலாம்.

மறுபடி பார்க்கலாமாம்! அதுவரை அடுப்பு எரிய வேண்டாமா?

சாயங்காலம் பி.டி. சார் கூடையோடு திரும்பிவந்தார். முகமெல்லாம் சிரிப்பு. திருவொற்றியூரில் நான்கு உறுப்பையும் பையோடு ஒரு எவர்சில்வர் தட்டில் வரிசையாக அடுக்கிவிட்டார்களாம். வந்திருந்த அதிகாரி அசந்துபோய், உறுப்புகளைத் தனித்தனியாகக் காட்சிப்படுத்திய புதுமையான முறை என்று பாராட்டி எழுதிவிட்டாராம். "சோக்கா முடிஞ்சுது டீச்சர்! இங்க எப்டி?" என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். ஸ்டாஃப் ரூம் நடுவில் நின்றுகொண்டு, "யாரைக் கேட்டு சார் என் இதயத்தை எடுத்துக்கிட்டுப் போனீங்க?" என்று கத்தினேன். கணக்கு டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். எச்.எம். அம்மாவே குனிந்து எதையோ தேடுவதுபோல நடித்தார். என் வேலை போகிற கவலையில் நான் அழுகிறேன், ஊரே சிரிக்கிறது. சிரிக்காதவர் அவர் ஒருவர்தான். கூடையைக் கீழே வைத்துவிட்டு, "அதுல எது இதயம்னு எனுக்குத் தெரியாது டீச்சர்" என்றார்.

நான் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

நாலு நாள் அவர் எங்களோடு டீ குடிக்க வரவில்லை. ஐந்தாம் நாள், ஜீப் எதுவும் வராத சாதாரண நாள், என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரே ஒரு பாலித்தீன் பை. "இதானே அது?" என்று நீட்டினார். எச்.எம். அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாராம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அமுலுதான் வாங்கினாள். முடிச்சை அவிழ்த்து, இதயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், பக்கவாட்டில் இருந்த சின்னக் கொக்கியை நகத்தால் தள்ளினாள். இதயம் புத்தகம்போல இரண்டாகத் திறந்துகொண்டது. உள்ளே நான்கு அறைகள், நீலமும் சிவப்புமாக, செய்த அன்றைக்கு இருந்த பளபளப்போடு இருந்தன. ஒரு விரலும் பட்டிராத பளபளப்பு.

பி.டி. சார் கிட்டே வந்து குனிந்தார். வகுப்பே அவரைப் பார்த்தது.

"இது தொறக்குமா?" என்றார். "பாஞ்சு வருசமா தூக்கினு அலையறேன். இது தொறக்கும்னு எவனும் சொல்லலியே."

அமுலு ஒவ்வோர் அறையாக அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஆள் அப்படியே நின்று கேட்டார். "இத்தினிக்கோண்டு ஜாமானுக்குள்ள இவ்ளோ வேல கீதா!" என்றார். எனக்கே கோபம் பாதி போய்விட்டது. மனிதர் திருந்திவிட்டார், இனி மாடல் எங்கள் வகுப்பில்தான் இருக்கப்போகிறது என்று நான் மனக்கோட்டை கட்டிக்கொண்டிருக்கும்போதே, இதயத்தை வாங்கி மூடினார். பையில் போட்டார். முடிச்சும் போட்டார்.

"போதும் போதும், தேஞ்சிடப் போவுது" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஆண்டு ஆய்வுக்கு அவர் எனக்குப் பிராயச்சித்தம் செய்தார். வெள்ளைக்காரனை முந்தின நாளே கொண்டுவந்து என் மேசையில் வைத்து, "ஒனக்குதான் மொதல்ல. எண்ணிக்கோ, எட்டும் கீது" என்றார். எண்ணிக்கொண்டேன். வேறொரு அதிகாரி வந்தார். இந்தமுறை ஏழாம் வகுப்பு, அமுலு அதற்கு வந்திருந்தாள். முதல் பெஞ்ச். நான் நெஞ்சு மூடியைக் கழற்றினேன். எட்டும் பாலித்தீனுக்குள் பளபளவென்று இருந்தன. அதிகாரி திருப்தியாகத் தலையசைத்துக்கொண்டே எழுதத் தொடங்கினார். நிர்வாகம் எனக்குப் பதிலாக ஒரு பெண்ணை ஏற்கெனவே பார்த்து வைத்திருப்பது எனக்குத் தெரியும். அந்தப் பேனா இப்படியே நிற்காமல் ஓடி முடிய வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அமுலு எழுந்தாள். "சார், அது தொறக்கும் சார்" என்று சொல்லிக்கொண்டே இதயத்துக்குக் கையை நீட்டினாள்.

"கை வைக்காத!"

நான்தான். ஒரு விசில்தான் குறை. அவள் கை அந்தரத்தில் நின்றது. பிறகு அதை மெதுவாக இழுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதிகாரி நிமிரவேயில்லை. 'துணைக்கருவிகள் சிறந்த முறையில் பராமரிக்கப்படுகின்றன' என்று எழுதி, கையெழுத்துப் போட்டார். கதவோரம் நின்றிருந்த பி.டி. சார் என்னைப் பார்த்துச் சிரித்தார். பாசத்தோடுதான் சிரித்தார்.

"அப்டித்தான் டீச்சர்" என்றார்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக அமுலுவைக் கூப்பிட்டேன். மேசையில் மாடல் இல்லை, அது எண்ணூருக்குப் போய்விட்டிருந்தது. நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றதை அவள் பார்த்தாள். "பரவால்ல டீச்சர். எங்கப்பாகிட்ட சொல்லி நெஜத்தயே எட்த்தாரட்டா? ஆறாங்கிளாஸ் புதுப் புள்ளைங்களும் பாக்கும்" என்றாள். நேற்று நான் அதட்டியதை அவள் மனசில் வைத்துக்கொள்ளவே இல்லை. எனக்கோ, அப்ரூவல் ஆர்டர் இன்னும் கைக்கு வரவில்லை.

"இன்னிக்கு எதுக்கு அமுலு?" என்றேன். "இன்னிக்குதான் யாரும் வரலியே."